எள்ளலும் இளிவும்: பாலியல் வன்முறை நகைப்பொருளாகும் இடங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பாலியல் வன்முறையை நகைச்சுவைக்குப் பொருளாக்கலாமா என்ற வினாவிற்குக் ‘கூடும்’, ‘கூடாது’ என்னும் இரண்டு விடைகளே பெரும்பாலும் தரப்படுகின்றன. பேசப்படும் பொருளை வைத்து இதனை முடிவு செய்ய இயலாது. எள்ளல் யார்மேல் விழுகிறது என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. 2023ஆம் ஆண்டின் மன்சூர் அலிகான் விவகாரம், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், வடசென்னை மூலக்கொத்தளம் சார்ந்த வழக்காறும் வரலாறும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் புதினம் ஆகியன சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், இளிவு, மெய்ப்பாடு, கானா, மூலக்கொத்தளம்

முன்னுரை

2023 அக்டோபரில் வெளியான ‘லியோ’ திரைப்படத்தில் நடித்த மன்சூர் அலிகான், அடுத்த மாதம் செய்தியாளர்களிடம் பேசியபோது, அப்படத்தில் த்ரிஷா நடிக்கிறார் என்றறிந்ததும் படுக்கையறைக் காட்சி ஒன்று இருக்கும் என எதிர்பார்த்ததாகவும், முந்தைய படங்களில் பிற நடிகையரைத் தூக்கிச் சென்றதுபோல் அவரையும் தூக்கிச் செல்லலாம் என எண்ணியதாகவும், படப்பிடிப்பில் அவரைக் கண்ணிலேயே காட்டவில்லை என்றும் கூறினார். த்ரிஷாவும் இயக்குநர் லோகேஷ் கனகராஜும் கண்டித்தனர். தேசிய மகளிர் ஆணையம் தாமாகவே தலையிட்டது. ஆயிரம் விளக்கு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஏ, 509 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாயிற்று. பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டார். எனினும் தம்மைக் கண்டித்த த்ரிஷா, குஷ்பு, சிரஞ்சீவி ஆகியோர்மேல் மானநட்ட வழக்குத் தொடர முனைந்தார். சென்னை உயர் நீதிமன்றம் அம்முயற்சியை 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகையுடன் அதே ஆண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

சட்டம் ஒரு பேச்சு குற்றமா என்று கேட்கும். அது ஏன் நகைச்சுவையாகக் கருதப்பட்டது என்பது சட்டத்தின் வினா அன்று, திறனாய்வின் வினா. அவ்வினாவே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நகையும் அழுகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என வகுக்கிறார். அவற்றுள் முதலாவது எள்ளல். பேராசிரியர் தம் உரையில் எள்ளலை இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை இகழ்ந்து நகுவது ஒன்று, பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. நகைக்கு அடுத்து வரும் அழுகையின் நிலைக்களங்களுள் முதலாவதாக நிற்பது இளிவு. பிறரால் இகழப்பட்டு எளியராதலே அது.

இவ்விரண்டையும் இணைத்துக் காணும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. இகழ்ச்சி என்னும் ஒரே செயல் இகழ்வார்பால் நகையாகவும், இகழப்படுவார்பால் அழுகையாகவும் தோன்றக்கூடும். ஆகவே ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்பது சொன்னவரின் மெய்ப்பாட்டை மட்டுமே அறிவிக்கும். கேட்டவரின் மெய்ப்பாட்டை அதனால் மாற்ற முடியாது. அதே வேளையில், இகழப்பட்டவரே நகுவதற்கும் பேராசிரியர் இடம் வைத்துள்ளார். துன்புற்றவரின் கசந்த நகைக்குத் தமிழ் இலக்கணத்தில் இடமுண்டு என்பதற்கு இதுவே சான்று.

1905இல் வெளியான நகைச்சுவை பற்றிய நூலில் சிக்மண்ட் பிராய்டு, பாலியல் நகைச்சுவைக்கு மூவர் தேவை என்கிறார்: சொல்பவர், பொருளாக்கப்படும் பெண், கேட்டு மகிழும் மூன்றாமவர். மூன்றாமவரின் சிரிப்பே சொல்பவருக்கு வலிமை தருகிறது. எனவே கேட்டுச் சிரிப்பவர் வெறும் பார்வையாளர் அல்லர், அவரும் பங்காளியே.

திரையும் பேச்சும்

திரையில் வன்புணர்வுக் காட்சியில் நடித்தால் உண்மையிலேயே வன்புணர்ந்ததாகுமா, கொலைக் காட்சியில் நடித்தால் கொலை செய்ததாகுமா என்பது மன்சூர் அலிகான் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. புனைவையும் நிகழ்வையும் வேறுபடுத்த வேண்டும் என்ற அளவில் இது சரியே. ஆனால் இவ்வாதம் அவருக்கே எதிராகத் திரும்புகிறது. திரைக்காட்சியில் பாத்திரத்தின் இசைவுதான் மீறப்படுகிறது. நடிகையின் இசைவு ஒப்பந்தத்தில் இருக்கிறது. செய்தியாளர் முன் பேசிய பேச்சிலோ கதையும் இல்லை, பாத்திரமும் இல்லை. எஞ்சியிருப்பது ஒரு பெண்ணின் உண்மைப் பெயரும், அவர் இசைவைக் கேளாமல் வெளியிடப்பட்ட விருப்பமும் மட்டுமே. புனைவு என்னும் வேலியைக் கண்டித்தவர்கள் பிடுங்கவில்லை, பேசியவரே பிடுங்கிவிட்டார்.

இது தனியொருவரின் நாக்குப் பிறழ்ச்சி அன்று. தமிழ்த் திரைப்படங்களில் பல்லாண்டுகளாக அத்தகைய காட்சிகள் ‘கற்பழிப்புக் காட்சி’ என்றே வழங்கப்பட்டன. அழிந்தது பெண்ணின் கற்பு என்று கூறும் அச்சொல் அழித்தவனைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. கற்பு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டிருப்பதைப் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் கடுமையாகச் சாடினார். இழப்பும் இழிவும் பெண்ணுக்கே என்று முன்னரே முடிவு செய்துவிட்ட சொல்வழக்கில், சிரிப்பும் அவளை நோக்கியே திரும்புவதில் வியப்பில்லை.

மூலக்கொத்தளத்தின் நகை

கொச்சைப் பேச்சு என்றதும் வடசென்னையைச் சுட்டுவது பொதுப்புத்தியின் பழக்கம். ‘சபாஷ் மீனா’வில் (1958) சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராகப் பேசியது முதல், உழைக்கும் மக்களின் சென்னைத் தமிழ் திரையில் சிரிப்புக்குரிய மொழியாகவே பெரிதும் பயன்பட்டது. இராயபுரத்துக்கும் பேசின் பாலத்துக்கும் அருகிலுள்ள மூலக்கொத்தளம் போன்ற பகுதிகள் இவ்வாறு நகைக்கப்படும் இடங்களாயின. ஆனால் மேற்கண்ட பேச்சு எழுந்தது குடிசைத் தெருவில் அன்று, ஒலிவாங்கிகளின் முன்னிலையில்.

மூலக்கொத்தளம் அதன் இடுகாட்டால் அறியப்படும் ஊர். இறப்பு நிகழ்ந்த வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானா வடசென்னையின் வழக்காறு. அதில் இறந்தவரின் குறும்புகள் நினைவுகூரப்படுகின்றன, கேலியும் கலக்கிறது. பிணத்தருகே சிரிப்பது அங்கே பிழையாவதில்லை. பாடுவோரும் கேட்போரும் அவ்விழப்பில் பங்குடையவர்கள் என்பதே காரணம். எந்தத் துயரும் நகைக்கு முற்றிலும் விலக்கப்பட்டதன்று என இவ்வழக்காறு காட்டுகிறது. எனினும் கானாவைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை; பெண்ணை இழிவுபடுத்தும் பாடல்கள் அதிலும் உண்டு. ஒரே வடிவம் இரு வேறு எள்ளல்களுக்கும் இடந்தருவதால், வடிவத்தைக் குறைகூறுவதும் பயனற்றது.

அதே இடுகாட்டில் 1939இல் சிறைப்பட்டு உயிரிழந்த மொழிப்போராளிகள் நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடங்களோடு மருத்துவர் தருமாம்பாளின் நினைவிடமும் உள்ளது. 1938 நவம்பரில் இந்தி எதிர்ப்பு மறியலில் சிறை சென்ற பெண்களுள் அவரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அடங்குவர். தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த இராமாமிர்தம், 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்னும் புதினத்தை வெளியிட்டிருந்தார். பெண்ணுடலை விலைபேசும் மைனர்களும் சமீன்தார்களும் அதில் பொருளையும் மதிப்பையும் இழந்து நகைப்புக்கு ஆளாகின்றனர். மதியிழந்தவன் மைனரே என்பதைத் தலைப்பே குத்திக் காட்டுகிறது. பாலியல் சுரண்டல் பற்றிய எள்ளல் சுரண்டுபவனை நோக்கித் திரும்பிய அரிய சான்று இது.

இப்புதினத்திற்கும் வரம்புண்டு. தாசிகளைச் சூழ்ச்சிக்காரிகளாகவும் சித்திரிப்பதால், முறையால் ஒடுக்கப்பட்டவர்மேலும் அதன் எள்ளலில் ஒரு பங்கு விழுகிறது. எழுதியவர் யார் என்பது மட்டும் போதிய அளவுகோல் அன்று என்பதை இது உணர்த்துகிறது. துன்புற்றவர் தம் துன்பத்தைக் குறித்துச் சொன்ன கசந்த சொல்லையே வேறொருவர் வேறோர் அவையில் திருப்பிச் சொல்லும்போதும் எள்ளலின் இலக்கு மாறிவிடுகிறது.

முடிவுரை

பாலியல் வன்முறையைக் குறித்த நகைச்சுவை அனைத்தையும் விலக்க வேண்டும் என்பது துன்புற்றவரின் நகையையும் சேர்த்தே வாயடைக்கும். அனைத்தையும் கலையுரிமை என ஏற்பது, அழுகையின் நிலைக்களமாகிய இளிவை இல்லையென மறுக்கும். எள்ளல் வன்முறை செய்தவனையோ அவனைக் காக்கும் அமைப்பையோ நோக்கும்போது அது திறனாய்வு. வன்முறைக்கு ஆளானவரையோ ஆளாகக்கூடியவரையோ நோக்கும்போது அது அவ்வன்முறையின் தொடர்ச்சி. இந்த வேறுபாட்டைச் சொன்னவரின் உள்நோக்கத்தில் தேடுவதைவிட, அச்சிரிப்பு நிகழ்ந்தபோது யார் சிரிக்க முடியாமல் நின்றார் என்று கேட்பதே பயன் தரும். தமிழ்த் திரைப்பட நகைச்சுவையை ஆராய்வோர் இவ்வினாவைத் தம் முதல் வினாக்களுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.