மன்னார் வேதசாட்சிகளும் திருச்சபை வரலாற்றெழுதியலும்

ஈழத்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு 1544 ஆம் ஆண்டின் மன்னார்ப் படுகொலை தவிர்க்கவியலாத தொடக்க அத்தியாயமாகும். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்த் தீவு மக்கள், யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அறுநூறு பேர் என்னும் தொகை மரபாக வழங்கி வருகின்றது. இந்நிகழ்ச்சி நடந்ததா என்பது இங்கு வினாவன்று. அது யாருடைய நினைவாகப் பேணப்பட்டது, அந்நினைவில் யார் மறைக்கப்பட்டனர் என்பனவே ஆராயத்தக்கவை.

இது பற்றிய சான்றுகள் பெரும்பாலும் இரு வகையின. சவேரியாரின் கடிதங்களும் குவேறோஸ் பாதிரியார் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய வரலாறும் ஒருவகை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை மற்றொரு வகை. முன்னவை விசுவாசத்தின் உறுதியைக் கண்டன. பின்னது அரசனின் செயலைக் கண்டது. வைபவமாலை 1544 இல் ஆண்ட சங்கிலியையும் 1619 இல் போர்த்துக்கேயரிடம் அரசிழந்த சங்கிலியையும் ஒருவனாகவே காட்டுகின்றது. முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் ஆகியோரின் ஆய்வுகள் இம்மயக்கத்தை வெளிப்படுத்தின. எனினும் பொதுமக்கள் நினைவில் எழுபத்தைந்து ஆண்டுகள் இன்றும் ஒன்றாகவே உறைந்து நிற்கின்றன.

இவ்விரு மரபுகளும் பொருளியல் அடிப்படையைப் போதிய அளவு நோக்கவில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் மதம் மாறியமைக்கு, முத்துக்குளிப்பில் தமக்கிருந்த உரிமையைக் காக்கப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடியமை முக்கிய காரணமாகும். கடலின் மறுகரையிலிருந்த மன்னாரையும் இதனின்று பிரித்து நோக்குதல் இயலாது. 1543 இல் போர்த்துக்கேயருக்குத் திறை செலுத்த உடன்பட நேர்ந்த மன்னனுக்கு, குடிகளின் மதமாற்றம் ஆட்சியுரிமையும் வருவாயும் கைநழுவுவதன் அறிகுறியாகவே தோன்றியிருத்தல் வேண்டும். இவ்விளக்கம் கொலையை நியாயப்படுத்துவதன்று. அதனை வெறும் மதவெறியாகவோ நாட்டுப்பற்றாகவோ சுருக்குவதை மறுப்பதாகும்.

மறுபுறத்தில், பாதுகாவலராகக் கருதப்பட்ட போர்த்துக்கேயரின் நடத்தையும் மனங்கொளத்தக்கது. 1545 இல் தண்டனைப் படையெடுப்பை எதிர்பார்த்துச் சவேரியார் நாகபட்டினம் சென்றார். ஆனால் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டவே, அதன் சரக்கு மன்னன் வசமாயிற்று. சரக்கை மீட்கும் அக்கறை முன்னிற்க, படையெடுப்பு கைவிடப்பட்டது. இறந்தோரின் குருதியினும் வணிகரின் சரக்கு கனத்தது. 1560 இலேயே மன்னார் கைப்பற்றப்பட்டுக் கோட்டை எழுந்தது. அதன்பின் முத்துவளமும் அந்நியர் கண்காணிப்புக்குள்ளாயிற்று.

அதே காலத்தில் புன்னைக்காயலிலிருந்து கிறிஸ்தவ மக்கள் மன்னாரில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர் என்பது, அடையாளம் பற்றிய ஆய்வுக்கு மிக இன்றியமையாத செய்தியாகும். இன்றைய மன்னார்க் கத்தோலிக்கர் அனைவரும் கொலையுண்டோரின் நேர் வழித்தோன்றல்களாக இருத்தல் அரிது. அவ்வாறாயின், வேதசாட்சிகளின் நினைவு குருதியுறவால் மட்டும் வந்ததன்று. வழிபாட்டாலும் கதையாலும் ஒரு சமூகம் தனதாக்கிக்கொண்ட உடைமையாகும். ஆதலால் அது பொய்யாகிவிடாது. அடையாளம் என்பது பெறப்படுவது மட்டுமன்று, ஆக்கப்படுவதும் ஆகும் என்பதற்கு அது சான்றாகின்றது.

திருச்சபை வரலாறு கொலையுண்டோரை வேதசாட்சிகளாக உயர்த்தியது. இனப்பெருமை பேசும் வரலாறு அவர்களை அந்நியரின் ஆட்களாக ஒதுக்கியது. இரண்டிலும் அவர்கள் ஒரு தொகையாகவே நிற்கின்றனர். மன்னனுக்குப் பெயருண்டு, படைத்தலைவருக்கும் பெயருண்டு, உழைத்து வாழ்ந்த மக்களுக்கோ எண்ணிக்கை மட்டுமே உண்டு. இதன் விளைவாக, தமிழராயிருத்தலுக்கும் கத்தோலிக்கராயிருத்தலுக்குமிடையே ஒரு பொய்யான முரண்பாடு அவர்களின் வாரிசுகளாகத் தம்மைக் கருதுவோர் மீது சுமத்தப்படுகின்றது.

குருமாரினதும் கோயில்களினதும் வரலாறாக அமைந்த திருச்சபை வரலாறு, விசுவாசிகளின் சமூக வரலாறாக விரிதல் வேண்டும். ஞானஸ்நானப் பதிவேடுகள், காணி உறுதிகள், மன்னார்ப் பகுதியின் வாசாப்பு, நாடக ஏடுகள், முதியோரின் வாய்மொழி வழக்குகள் ஆகியவை இவ்வாய்வுக்குரிய மூலங்களாம். இவற்றை ஆராய்வது நினைவின் புனிதத்தைக் குலைப்பதாகாது. மாறாக, வெட்டுண்டோரை எண்ணிக்கையினின்றும் விடுவித்து மனிதராக வரலாற்றில் மீள நிறுத்துவதாகும்.