முடித்தே தீரும் வைராக்கியம்

நீளமான கதைக்குப் புத்தளக் கரை பயந்ததில்லை. உடப்பு திரௌபதையம்மன் கோயிலில் ஆடித் திருவிழா 18 நாள்; பாரதக் கதையை ஒட்டி நகர்ந்து தீமிதிப்பில் முடியும். கரைவலை இழுத்துவிட்டு வந்து நிற்கும் எவரும் கதை நீளம் என்று முகம் சுளிப்பதில்லை. ஆனால் இதே கரையில் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) எடுத்தவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பாரதத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். விளங்காத இடத்தைப் பக்கத்தில் நிற்பவர் சொல்லித் தருவார். தடித்த நாவலோடு தனியே குந்தியிருப்பவருக்கு இரண்டுமில்லை. கையில் மிஞ்சுவது வைராக்கியம் ஒன்றுதான்: நாளைக்கு இத்தனை பக்கம், எப்படியும் முடிப்பேன்.

அந்த வைராக்கியத்துக்குப் பலன் உண்டு. 'விஷ்ணுபுரம்' பின்நவீனத்துவமா என்ற சண்டை இருக்கட்டும். புராணம் எப்படி உண்டாகிறது என்பதையே அது கதையாக்குகிறது. மூன்று பாகங்கள், காலவரிசையில் இல்லை. முதற்பாகத்தில் ஐதீகமாகக் காதில் விழுந்தவை, அதற்கு முந்திய காலத்தில் நடக்கும் இரண்டாம் பாகத்தில் இரத்தமும் சதையுமாக வருகின்றன. அந்தக் 'கௌஸ்துப'த்தில்தான் பலரும் விழுகிறார்கள். ஞானசபையில் வைதிகரான பவதத்தரும் பௌத்தனான அஜிதனும் வாதிடுகிறார்கள். பக்கம் பக்கமாகத் தர்க்கம். அலுப்புத்தான், மறுக்கவில்லை. அதைத் தாண்டிப் போகிறவருக்கு, இவ்வளவு நுட்பமான வாதம் பிற்காலத்தில் வெறும் கதையாகச் சுருங்கிப்போனதே என்ற அதிர்ச்சி கிடைக்கும். வரிசை மாறியிருப்பதாலேயே வரும் அதிர்ச்சி அது. அந்தப் பாகத்தைத் தவிர்த்தவருக்கு, மூன்றாம் பாகமான 'மணிமுடி'யில் ஊரை அழிக்கும் வெள்ளம் வெறும் வெள்ளம்.

கோணங்கியின் 'பாழி' (2000) வேறு ரகம். 'மதினிமார்கள் கதை' காலத்தில் அவருடைய வாக்கியம் கரிசல் பேச்சோடு ஒட்டியிருந்தது. 'பாழி'யிலோ ஒரு படிமம் இன்னொன்றுக்குள் கரைகிறது; எழுவாயைத் தேடி முடிப்பதற்குள் மூன்றாவது வந்துவிடுகிறது. முன்பக்கங்களில் சேர்த்துவைத்தது பின்பக்கங்களில் கைகொடுப்பதில்லை. இதை வரிசையாக வாசித்து முடிப்பது வீண் உழைப்பு. எங்காவது விரித்து ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்தால் ஓசை பிடிபடும். சில பத்திகள் அபாரம். ஆனால் புத்தகம் முழுக்க ஒரே உச்சத்தில் நிற்பது எழுதியவரின் குறை. அதற்கு வாசகனின் 'பயிற்சியின்மை'யைக் காரணம் காட்டுவது நம் சிற்றிதழ்ச் சூழலின் பழைய தந்திரம்.

உடைந்த வடிவமே தடை என்றும் சொல்வதற்கில்லை. ஷோபாசக்தியின் 'பாக்ஸ் கதைப் புத்தகம்' (2015) ஈழப்போரின் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொல்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு கற்பிட்டி, புத்தளம் பக்கம் குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு அந்தத் துண்டுகளை இணைக்க உரை வேண்டியதில்லை. பாரதம் கேட்பவரைப் போல, பின்கதை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வைராக்கியத்தின் பெரிய கேடு, அது தீர்ப்பைக் கெடுப்பது. வாரக்கணக்கில் மல்லுக்கட்டி எண்ணூறு பக்கம் முடித்தவர், நாவல் மோசம் என்று லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். செலவழித்த காலம் வாயை அடைத்துவிடும். முடித்ததே ஒரு பட்டமாகிவிடுகிறது. அதனால்தான் இத்தகைய நாவல்களுக்கு, முடித்தவர்கள் எழுதிய பாராட்டு தாராளமாகக் கிடைக்கிறது. நூறாம் பக்கத்தில் புத்தகத்தை மூடியவர் ஏன் மூடினார் என்று அவரே எழுதியதைக் காண்பது அரிது.