190 வரை சீட்டு பேசும், அதற்கு மேல் துரும்பு

ஆட்டின் ஜாக், ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு, இஸ்பேட் ஜாக். முதல் நான்கு சீட்டும் இப்படி விழுந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புள்ளி 80.

இன்னொரு ஆட்டத்தில் ஆட்டின் ஜாக், கிளாவர் ஜாக், டயமன் ஜாக், இஸ்பேட் ஒன்பது. புள்ளி 110.

எந்தக் கையை வைத்து 200 கேட்பீர்கள்? பசறையிலோ ஹாலிஎலயிலோ நன்றாக ஆடத் தெரிந்த பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டாவது கையைக் காட்டுவார்கள். மூன்று ஜாக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? நான் முதல் கைக்குத்தான் 200 கேட்பேன். இரண்டாவது கையில் 180க்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன். ஏன் என்பதை விளக்கத்தான் இந்த வாரப் பத்தி முழுவதும்.

முந்நூற்று நாலு நம் மலைநாட்டில் எங்கெல்லாம் ஆடப்படுகிறது என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரண வீட்டில் விடிய விடிய ஆடுகிறோம். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் லயத்து வாசலில் பாயை விரிக்கிறோம். பதுளை இரவுத் தபால் ரயிலில் மடியில் ஒரு செய்தித்தாளைப் போட்டு அதையே மேசையாக்குகிறோம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரர்கள் ஓமி ஆடுவார்கள். அதிலும் 32 சீட்டுத்தான், அதிலும் முதல் நான்கைப் பார்த்துத்தான் துரும்பு சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கும் கேள்வி ஓமியில் கிடையாது. முந்நூற்று நாலின் உயிர் கேள்வியில் இருக்கிறது. ஆடும் திறமை பலருக்கு உண்டு. அதே ஆட்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் கல்லை, அதாவது வெற்றி தோல்வியை எண்ணும் காயை, இழப்பது கேட்கும் இடத்தில்தான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டும் ஏழும் பூச்சியம். ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கு 304. அதில் பாதி 152. குறைந்தபட்சக் கேள்வி 160. அதாவது பாதிக்கு மேல் எட்டே புள்ளி. முதல் கேள்வி கேட்பது அப்படியொன்றும் பெரிய துணிச்சல் இல்லை. பல மேசைகளில் முதல் ஆள் கேட்டே ஆக வேண்டும் என்று வைத்திருப்பதும் அதனால்தான்.

கையில் நான்கு சீட்டு இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாதவை 28. அவற்றில் இன்னும் நான்கு என் கைக்கு வரும், கூட்டாளிக்கு எட்டு. ஆக 12 எங்கள் பக்கம், 16 எதிர்ப்பக்கம். நான் பார்க்காத எந்தச் சீட்டை எடுத்தாலும் அது எங்கள் பக்கம் இருக்க ஏழில் மூன்று வாய்ப்பு, எதிர்ப்பக்கம் இருக்க ஏழில் நான்கு. கேட்கும் ஆள் மனதில் ஆணியடித்து வைத்திருக்க வேண்டிய கணக்கு இது ஒன்றுதான். "என்னிடம் ஜாக் இருக்கிறது, ஒன்பது கூட்டாளியிடம் இருக்கும்" என்று நம்பிக் கேட்கிறோமே, அந்த ஒன்பது கூட்டாளியிடம் இருக்கும் வாய்ப்பு ஏழில் இரண்டு மட்டும். என் கைக்கே வந்துசேர ஏழில் ஒன்று.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டினால் எனக்கே வியப்பாக இருக்கிறது. முதல் நான்கு சீட்டில் 52 புள்ளி இருந்தால், எங்கள் இருவருக்கும் சேர்த்து சராசரியாக 160 புள்ளி விழும். 80 இருந்தால் 176. 110 இருந்தால் 193. நான்கு ஜாக்கும் சேர்ந்து விழுந்தால்? 120 புள்ளி, முந்நூற்று நாலில் நான்கு சீட்டுக்கு இதைவிடப் பெரிய புள்ளி கிடையாது. அப்போதும் சராசரி 199தான். 200ஐத் தொடவில்லை.

ஆக, சீட்டில் அச்சடித்திருக்கும் புள்ளியை மட்டும் நம்பி யாரும் 200 கேட்க முடியாது. அதற்கு எதிரணிக்கு விழுந்த புள்ளியைப் பிடுங்க வேண்டும். பிடுங்குவது துரும்பின் வேலை. புள்ளிக் கணக்கில் பூச்சியமான துரும்பு எட்டு, எதிரணியின் டயமன் ஜாக்கை வெட்டினால் 30 புள்ளி பக்கம் மாறுகிறது. கூடவே விழுந்த சீட்டுகளும் சேர்ந்து வரும்.

பிடிக் கணக்கிலும் இதே எல்லைதான் வந்து நிற்கிறது. ஆட்டத்தில் எட்டுப் பிடி. ஒரு பிடிக்குச் சராசரி 38 புள்ளி. ஐந்து பிடி என்றால் சரியாக 190. அதற்கு மேல் ஒரு படி ஏறியதுமே ஆறாவது பிடி எங்கிருந்து வரும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

முதல் கைக்குத் திரும்புவோம். துரும்பு ஆட்டின். எட்டில் மூன்று கையில் இருக்கிறது, தலையான ஜாக்கும் ஒன்பதும் உட்பட. மீதி ஐந்தில் ஒன்றாவது அடுத்த நான்கு சீட்டில் எனக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 57. என் முறை வந்து இரண்டு தடவை துரும்பை இறக்கினால் எதிரணியின் துரும்பு பெரும்பாலும் வற்றிவிடும். ஆட்டின் ஏஸும் பத்தும் அவர்களிடம் இருந்தால் அவையும் அதில் விழக்கூடும். இஸ்பேட் ஜாக் ஒரு பிடி. இனி, எவ்வளவு விடலாம்? 200 கேட்டால் 104 வரை விடலாம். வெளியே இருப்பவை கிளாவர் ஜாக்கும் டயமன் ஜாக்கும். இரண்டுமே எதிரணியிடம் போயிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அப்படிப் போனாலும் ஒவ்வொரு ஜாக்கும் நாற்பது ஐம்பது புள்ளியை அள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். இறுக்கமாக இருந்தாலும் 104க்குள் அடங்கும். 200 கேட்கலாம். 220 கேட்கக் கூடாது.

இரண்டாவது கையில் எந்தச் சாதியைத் துரும்பாக வைப்பீர்கள்? எதை வைத்தாலும் கையில் ஒரே துரும்பு. மீதி ஏழில் சராசரியாக நான்கு எதிரணியிடம் இருக்கும். உங்கள் மூன்று ஜாக்கும் முதல் சுற்றில் பிடி எடுக்கும், சரி. அந்தச் சாதி இல்லாத ஒருவர் வெட்டிவிட்டால் 30 புள்ளி அவர் பக்கம். ஜாக்குகள் தீர்ந்த பிறகு ஆட்டத்தின் இரண்டாம் பாதியை யார் கையில் விடுகிறீர்கள்? துரும்பைக் கவிழ்த்து வைத்து மறைத்து ஆடுவது கொஞ்சம் காப்பாற்றும். எதிரணிக்குத் துரும்பு எதுவென்று தெரியாததால் குருட்டுத்தனமாகக் கவிழ்த்துத்தான் வெட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் மறைத்த துரும்பு ஒற்றைத் துரும்பாக இருந்தால், அது திறக்கும் நொடியில் கேட்டவரின் பலமும் தீர்ந்துபோகிறது.

அடுத்து கல். பரவலாக ஆடப்படும் கணக்கில் 200க்குக் கீழே கேட்டு வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு. 200 முதல் 240 வரை வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. 250க்கு மூன்றும் நான்கும். ஊருக்கு ஊர், லயத்துக்கு லயம் இது மாறும். இந்தக் கணக்கின்படி 160 கேட்டவர் நட்டமில்லாமல் தப்ப மூன்றில் இரண்டு தடவை வெல்ல வேண்டும். 200க்கு ஐந்தில் மூன்று போதும். 250க்கு ஏழில் நான்கு. கேள்வி உயர உயரத் தேவைப்படும் உறுதி கொஞ்சம் தளர்கிறது. அதனால்தான் 190இலிருந்து 200க்குத் தாவுவது அவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது. பத்தே புள்ளி கூட, கல்லோ இரட்டிப்பு. எதிரணி 190 கேட்டுவிட்டதே என்ற ரோசத்தில் 200 என்று சொல்லும் ஆளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது. அவருடைய கூட்டாளி எட்டுப் பிடியும் அருமையாக ஆடிவிட்டு மூன்று கல்லை எண்ணிக் கொடுத்துவிட்டு எழுந்து போவார்.

பிரிட்ஜ் ஆடுபவர்கள் இந்த இடத்தில் எப்படி யோசிக்கிறார்கள்? பதுளை, பண்டாரவளைப் பக்கத்துத் துரைமார் கிளப்புகளில் அந்தக் காலத்தில் ஆடியது பிரிட்ஜ்தான், லயத்தில் ஆடியது முந்நூற்று நாலு. இன்று உலகம் ஆடும் பிரிட்ஜின் கணக்குமுறையை 1925இல் பனாமா கால்வாய் வழியாகப் போன கப்பலில் வைத்து வடிவமைத்தவர் ஹரோல்ட் வாண்டர்பில்ட். அதில் 13 சீட்டையும் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று கூட்டினால் கட்டு முழுவதற்கும் 40. இரண்டு கூட்டாளிகளிடமும் சேர்த்து 25, 26 இருந்தால் பெரிய கேள்விக்குப் போகலாம் என்பது பாலபாடம். அங்கேயும் நல்ல ஆட்டக்காரர் அந்த எண்ணோடு நின்றுவிடுவதில்லை. துரும்பின் நீளத்தைப் பார்ப்பார், ஒரு சாதியே இல்லாத கைக்கு மதிப்புக் கூட்டுவார், தோற்கக்கூடிய பிடிகளைத் தனியே எண்ணுவார். நாம் முதல் கையில் செய்ததும் அதைத்தான்.

பிரிட்ஜில் ஒவ்வொரு கேள்வியும் கூட்டாளிக்கு அனுப்பும் செய்தி. இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட பொருள் அதற்கு உண்டு. எதிரணி கேட்டால் அந்தப் பொருளை மறைக்காமல் விளக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்டத்தில் இதற்கு இணையாக இருப்பது "பார்ட்னர்" என்ற ஒரே சொல். என் கையில் எதுவும் இல்லை, எனக்காக நீ கேள் என்று அர்த்தம். எவ்வளவு பெரிய தகவல்! பார்ட்னர் என்று சொன்னவரின் கையில் ஜாக் இருக்காது என்று எடுத்துக்கொண்டு, அவரிடமிருந்து வரப்போகும் உதவியைப் பாதியாகக் குறைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் நம் ஆட்கள் கூட்டாளி "பார்ட்னர்" என்றதும் பொறுப்பெல்லாம் தன் தலையில் விழுந்துவிட்டதென்று 180, 190 என்று ஏறுகிறார்கள். அந்த இடத்தில் 160 போதும். மேலே போவது எதிரணியின் பாடாக இருக்கட்டும்.

கண் சிமிட்டுவது, காதைச் சொறிவது, சீட்டைத் தட்டுவது எல்லாம் நம் மேசைகளில் உண்டு. பலர் அதைச் சாமர்த்தியம் என்றே சொல்கிறார்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. உலகப் பிரிட்ஜ் மேசைகளும் இந்த நோயைக் கண்டவைதான். 1975இல் பெர்மியுடா கிண்ணப் போட்டியில் கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை கட்டினார்கள். அந்தப் போட்டியிலேயே ஓர் இத்தாலிய இணை மேசைக்கு அடியில் காலால் தொட்டுச் செய்தி சொன்னதாகப் பெரும் பிரச்சினை எழுந்தது, மேசைக்கு அடியிலும் தடுப்பு வைக்க வேண்டி வந்தது. ஜாடையில் வந்த கேள்வியை வென்றவருக்குக் கேட்கத் தெரிந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தச் சீட்டுக் கணக்கு நம்முடன் மட்டும் நின்றுவிடவில்லை. 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பலுடன் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளின் பயணம் தொடங்கியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே துனி ஆடுகிறார்கள். ஏழும் எட்டும் இல்லாத 24 சீட்டு, மொத்தம் அதே 304. கேரளத்தில் இருபத்தெட்டு, வங்காளத்தில் இருபத்தொன்பது, எல்லாவற்றிலும் ஜாக்தான் தலை, அடுத்தது ஒன்பது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று கொடுத்த பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் மேற்கு வங்காளத்துக்காரர்கள். அப்போது ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. ஊவாவின் லயங்களில் ஏழில் மூன்று கணக்கை எழுதிப் பார்க்காமலே கையால் உணர்ந்து ஆடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பிரிட்ஜ் கற்றுக்கொடுக்க ஒரு மேசையும் ஓர் ஆசிரியரும் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. கொழும்பில் சம்மேளனம் இருக்கிறது, பதுளைக்கும் வரலாம். நம் பாடசாலைகளில் சதுரங்கத்துக்கு இடம் இருப்பதுபோல் இதற்கும் இருக்கலாம். பணம் வைத்து ஆடும் பழக்கத்தைக் காட்டி இந்த ஆட்டத்தையே ஒதுக்கிவைப்பது பிள்ளைகளுக்கு நட்டம். முந்நூற்று நாலுக்குப் பணம் தேவையே இல்லை, புளியங்கொட்டை போதும்.

இரண்டாம் நான்கு சீட்டு விழுந்த பிறகு 250 கேட்கும் உரிமையைப் பற்றி ஒன்றே ஒன்று. 54க்கு மேல் விடக் கூடாது என்ற கேள்வி அது. எதிரணி ஜாக்கோடு ஒன்பதையும் ஒரே பிடியில் எடுத்தால் அங்கேயே 50 போயிற்று. எட்டுச் சீட்டையும் விரித்துப் பார்த்து, எந்தச் சாதியில் ஒரு பிடி போகும் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும் கேளுங்கள்.

கடைசியாக, கேள்வியின் அளவுகோலே மாறும் ஓர் இடம். எதிரணி ஆட்டத்தை முடிக்க இன்னும் ஒரே கல்தான் தேவை. அவர்கள் 180 கேட்டுவிட்டார்கள், அதைப் பத்துக்கு ஏழு தடவை எடுத்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. உங்கள் கையில் 190 கேட்டால் பத்துக்கு நான்கு தடவைதான் கிடைக்கும். சாதாரண நேரத்தில் இது கேட்கக் கூடாத கை, மூன்றில் இரண்டுக்கு வெகு கீழே. இப்போது கேட்டே ஆக வேண்டும். சும்மா இருந்தால் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு 30, கேட்டால் 40. தோற்றால் இரண்டு கல் போகுமே என்ற பயத்துக்கு இங்கே இடமில்லை, ஒன்று போனாலும் ஆட்டம் முடிந்துவிடும். மரண வீட்டு மேசைகளில் விடியும் நேரத்தில் இந்த நிலை வரும்போது பத்துக்கு எட்டுப் பேர் "பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் குலுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.