பாலத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு?

ஐசியுவில் வேலை பார்க்கும் தாதியின் சம்பளத்தை எதை வைத்து நிர்ணயிப்பது? அவர் படித்த படிப்பை வைத்தா, கட்டிலில் கிடப்பவரின் நிலையை வைத்தா, மருத்துவமனை நிற்கும் ஊரை வைத்தா? பினாங்கின் பெருநிலப் பகுதியில் இருக்கும் மாக் மண்டினில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. இங்கிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் செபராங் ஜெயா அரசு மருத்துவமனை. 2022இல் திறந்த சன்வே தனியார் மருத்துவமனையும் அந்தப் பக்கம்தான். பாலத்தைத் தாண்டினால் ஜார்ஜ் டவுனில் பினாங்கு பொது மருத்துவமனையும், மேடானிலிருந்து வரும் நோயாளிகளால் செழித்த தனியார் மருத்துவமனைகளும். பினாங்கு சென்ட்ரலில் இரவுப் பேருந்து ஏறினால் மறுநாள் சிங்கப்பூர். கல்யாண வீட்டில் இரண்டு மிஸ்ஸிகள் சந்தித்தால், நலம் விசாரித்த கையோடு வரும் அடுத்த கேள்வி, "அங்க எவ்ளோக்கா கொடுக்குறாங்க?" என்பதுதான்.

ஊருக்கு ஊர் சம்பளம் மாறலாம் என்ற கொள்கையை எல்லை வரை கொண்டுபோன நாடு அமெரிக்கா. அங்கே 'டிராவல் நர்ஸ்' என்று ஒரு பிரிவே உண்டு. ஏஜென்சி வழியாகப் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். முடிந்ததும் வேறு மாநிலம். ஆள் பற்றாக்குறை எங்கே கடுமையோ அங்கே தொகை ஏறும். கோவிட் உச்சத்தில் சில ஐசியு ஒப்பந்தங்கள் வாரத்துக்கு 10,000 டாலர் வரை போயின. பொதுவாக கலிபோர்னியா மேலே நிற்கும். தென்மாநிலங்கள் பல கீழே கிடக்கும். இதற்கு வீட்டு வாடகைதான் காரணம் என்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. கலிபோர்னியாவில் ஐசியு தாதி ஒருவரிடம் இரண்டு நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கச் சட்டம் விடாது. மற்ற வார்டுகளுக்கும் இப்படி வரம்பு வைக்கும் சட்டம் 1999இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்தது. வரம்பு இருந்தால் ஆள் வேண்டும், ஆள் வேண்டுமென்றால் காசு இறங்கும். போதாக்குறைக்கு, பல மாநிலங்கள் ஒரே உரிமத்தை ஏற்கும் தாதியர் உடன்படிக்கையில் கலிபோர்னியா சேரவில்லை. வெளியிலிருந்து வருபவர் தனி உரிமம் வாங்க வேண்டும். ஆகவே 'வட்டாரச் சம்பளம்' என்று நாம் பார்ப்பதில் வாடகை கொஞ்சம், சட்டம் கொஞ்சம், சங்கத்தின் பலம் கொஞ்சம்.

இந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. மூச்சுக்கருவியில் இருக்கும் நோயாளிக்கு இன்று இரவே ஆள் தேவை. சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க முடியாது. காசு அந்த ஆளை வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் எங்கிருந்து கொண்டுவருகிறது? சிறு நகரத்து மருத்துவமனையில் நிரந்தரமாக இருந்தவர் வேலையை விட்டு டிராவலுக்குப் போகிறார். அவர் விட்டுப்போன கட்டிலுக்கு அந்த மருத்துவமனை ஏஜென்சியிடமிருந்து இன்னொருவரை இன்னும் கூடுதல் விலைக்கு வாங்குகிறது. ஒரே அறையில், ஒரே இரவில், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களைப் பார்க்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவரைப் போல இரு மடங்கு. இந்த மனக்கசப்பு எந்த ஒப்பந்தத் தாளிலும் வராது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அங்கே வாரத் தொகையில் பெரும்பகுதி சம்பளமாக வருவதில்லை. வீட்டுக்கும் சாப்பாட்டுக்குமான படியாக, நிபந்தனைக்கு உட்பட்டு வரியில்லாமல் வருகிறது. கையில் வாங்கும்போது இனிக்கும். ஆனால் ஓவர்டைம் கணக்கு அடிமட்ட மணிச் சம்பளத்தின் மேல்தான் போடப்பட்டு வந்தது. 2021இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏஎம்என் என்ற தாதியர் ஏஜென்சியின் மீதான வழக்கில், வேலை செய்த மணிநேரத்தோடு கட்டிக் கொடுத்த அந்தப் படிகள் சம்பளமே, ஓவர்டைம் கணக்கிலும் சேர்க்க வேண்டும் என்றது.

மலேசியா எதிர்ப்பக்கம் நிற்கிறது. அரசுத் தாதிக்கு அடிப்படைச் சம்பளம் பெர்லிஸிலும் பினாங்கிலும் பகாங்கிலும் ஒன்றுதான். வட்டார வேறுபாடு முழுக்கப் படிகளில் ஒளிந்திருக்கிறது. வாழ்க்கைச் செலவுப் படி ஊர்களை மூன்று தரமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வந்தது. கடல் தாண்டி சபா, சரவாக், லாபுவான் போகிறவர்களுக்கு வட்டார ஊக்கத்தொகை என்று தனியாக ஒன்று. குறைந்தபட்சச் சம்பளத்திலும் நாம் ஊர்வாரிக் கணக்கைப் பார்த்தவர்கள்தாம்: 2013இல் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட், கிழக்கு மலேசியாவுக்கு 800, 2020இல் 56 நகராட்சிப் பகுதிகளுக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100. பிறகு அதைக் கைவிட்டு ஒரே தொகைக்கு வந்தோம். 2025 பிப்ரவரி முதல் 1,700.

இந்தச் சமச்சீரின் பலனைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பாலிங்கிலும் கிரிக்கிலும் தாதி இருக்கிறார் என்றால், அங்கே போனாலும் அடிப்படைச் சம்பளம் குறையாது என்ற உறுதியும் ஒரு காரணம். சந்தையிடம் விட்டிருந்தால் அந்த ஊர்கள் என்றோ காலியாகியிருக்கும்.

கோளாறு எங்கே என்றால், படி எதை அளக்கிறது என்பதில்தான். வாழ்க்கைச் செலவுப் படி ஊரின் விலைவாசியைப் பார்க்கிறது. வார்டை எட்டிப் பார்ப்பதில்லை. காலை ஏழு மணி ஷிப்டில் ஐசியுவுக்குள் நுழைபவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மணிக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, மூச்சுக்கருவியின் எண்கள் எல்லாம் சார்ட்டில் ஏற வேண்டும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோராட்ரினலின் மருந்து சிரிஞ்ச் தீரும் முன் அடுத்தது கலந்து தயாராக இருக்க வேண்டும். மாற்றும் சில விநாடிகளில் அழுத்தம் சரிந்துவிடும் என்பதால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கக் கூடாது. சளி உறிஞ்ச வேண்டும், புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், வாசலில் நிற்கும் மகனுக்குப் பதில் சொல்ல வேண்டும். போஸ்ட் பேசிக் என்ற சிறப்புப் படிப்பை முடித்து இந்த வேலையைக் கற்றவரும் கிளினிக்கில் வேலை பார்ப்பவரும் ஒரே நகரத்தில் இருந்தால், ஊருக்கான படி இருவருக்கும் ஒன்றே.

2021 ஜூலையில் இது பட்டவர்த்தனமானது. கோவிட் நோயாளிகளால் கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது மற்ற மாநிலங்களிலிருந்து தாதியரையும் மருத்துவர்களையும் அங்கே அனுப்பினார்கள். அமெரிக்க டிராவல் நர்ஸின் மலேசிய வடிவம் இதுதான், ஒரு வித்தியாசத்தோடு: ஏஜென்சி இல்லை, பேரம் இல்லை, ஆணை மட்டும். கோவிட் பணிக்கான சிறப்புப் படி 2020 ஏப்ரல் முதல் மாதம் 600 ரிங்கிட். கிள்ளான் ஐசியுவில் முழுக்கவச உடைக்குள் வியர்த்துக் கரைந்தவருக்கும், அலை அவ்வளவாக எட்டாத ஊரில் இருந்தவருக்கும் அதே 600. வெளியூர் போனவர்கள் பயணச் செலவைக் கோரலாம்தான். ஆனால் அது செலவை ஈடுகட்டும் தொகை. உழைப்புக்கான விலை இல்லை.

படி என்ற வடிவத்திலேயே இன்னொரு குறை இருக்கிறது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓய்வூதியம் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். முப்பது வருடம் வாங்கிய வாழ்க்கைச் செலவுப் படி ஓய்வு நாளோடு காணாமல் போகும். ஜார்ஜ் டவுனின் விலைவாசி மட்டும் ஓய்வு பெறாது. அமெரிக்க நீதிமன்றம் பிடித்த அதே சூட்சுமம்தான், நம்மிடம் அரசு முத்திரையோடு இருக்கிறது.

ஒரே சம்பளம் என்பது நோயாளிக்கு நல்லதுதானா? பிரிட்டனிலிருந்து இதற்கு ஓர் அசௌகரியமான பதில் உண்டு. அங்கே தாதியர் சம்பளம் ஏறக்குறைய நாடு முழுக்க ஒன்று. உள் லண்டனுக்கு 20 விழுக்காடு, வெளி லண்டனுக்கு 15, ஓரப் பகுதிக்கு 5 என்று உச்சவரம்போடு கூடுதல். கரோல் பிராப்பரும் ஜான் வான் ரீனனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, வெளிச்சந்தைச் சம்பளம் உயர்ந்த பகுதிகளில் மருத்துவமனைகளில் மாரடைப்பு மரணங்கள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அனுபவம் உள்ளவர்கள் கழன்றுகொள்ள, மிச்சம் இருப்பவர்களை வைத்து ஓட்டியதன் விளைவு அது என்பது அவர்கள் வாதம். நம் சமத்துவப் பற்றுக்கு இது கசப்பாக இருக்கலாம். ஆனால் பினாங்கு அப்படிப்பட்ட ஒரு பகுதிதான். 2024இல் ஐஎச்எச் மருத்துவமனைக் குழுமம் இங்குள்ள ஐலண்ட் தனியார் மருத்துவமனையை வாங்கப் பேசிய விலை 392 கோடி ரிங்கிட். அவ்வளவு பணம் புழங்கும் தீவில் அரசு ஐசியு தன் ஆட்களைப் பிடித்துவைக்க, பெர்லிஸுக்கும் பினாங்குக்கும் உள்ள படி வித்தியாசத்தை மட்டும் நம்பியிருக்கிறது.

உண்மையில் நம் தாதியின் வட்டார வரைபடம் மாநில எல்லைகளோடு நிற்பதில்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளி சில ஆண்டுகளாக 3 ரிங்கிட்டுக்கு மேல். ஜொகூர் பாருவில் இருப்பவர் பாலம் கடந்து வேலைக்குப் போய் இரவு வீடு திரும்பலாம். மாக் மண்டினில் இருப்பவர் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் அறிவித்த 'ஏஞ்சல்' திட்டம் பொதுத்துறைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 1,00,000 வெள்ளி வரை தருகிறது; வெளிநாட்டவருக்கு நான்கு ஆண்டு பணிக்குப் பிறகு தகுதி. அதன் கெட்டிக்காரத்தனம், தொகையை ஊருக்குக் கட்டாமல் காலத்துக்குக் கட்டியதில் இருக்கிறது. கலிபோர்னியா 13 வாரத்துக்கு ஆளை வாங்குகிறது. சிங்கப்பூர் ஒருவரின் நடுவயதையே வாங்கிக்கொள்கிறது. நம் போஸ்ட் பேசிக் படிப்பில் தேறிய கை அங்கே போய்ச் சேர்ந்தால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

அடிப்படைச் சம்பளம் நாடு முழுக்க ஒன்றாகவே இருக்கட்டும். அதை உடைத்தால் முதலில் அடிபடுவது கிரிக்கும் பாலிங்கும். மாற வேண்டியது படி. வாடகைக்காக ஒரு பங்கு போகட்டும். தீவிர சிகிச்சைக் கட்டிலுக்கும் தேறிய திறமைக்கும் தனிப் பங்கு வேண்டும். அந்தப் பங்கு ஓய்வூதியக் கணக்கிலும் ஈபிஎஃப்பிலும் ஏற வேண்டும். ஆணையிட்டு வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், செலவுக் கோரிக்கைப் படிவத்துக்கு அப்பால் பணிக்கான கூடுதல் சம்பளமும் கூடவே போக வேண்டும். ஐசியுவுக்கு மட்டும் கொடுத்தால் டயாலிசிஸ் பிரிவும் பிரசவ அறையும் நாளைக்கே கேட்கும் என்று நிதித் துறையில் சொல்வார்கள். கேட்கட்டும், அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. தாதியரின் வாரப் பணி நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கும் திட்டம் 2024இல் வந்தபோது எந்தப் பிரிவுக்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் எல்லார் தலையிலும் ஒன்றாகவே விழப்போகிறது என்றுதான் அப்போது பேச்சு இருந்தது.