பாக்கின் செல்லோ: வீட்டுக்கு எந்தப் பதிவு?

தனிச் செல்லோவுக்கு பாக் எழுதிய ஆறு சூட்டுகளின் பதிவுகளை வாங்கிச் சேர்த்தால் ஓர் அலமாரி போதாது. பெயர் பெற்ற செல்லோக் கலைஞர்களில் இவற்றைப் பதியாதவர் அரிது. யோ-யோ மா மூன்று முறை பதிந்துவிட்டார். இத்தனையையும் வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. வீட்டில் ஆண்டுக்கணக்கில் கூடவே வரக்கூடிய பதிவு ஒன்று போதும். ஆனால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் இந்த இசை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். துணைக்கு யாரும் இல்லாமல் ஒரே வாத்தியம், பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே சுரம். ஆனாலும் காதில் இரண்டு மூன்று குரல்கள் ஓடுகின்றன. வில் ஒரு கீழ்ச்சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே போய்விடும். அந்தச் சுரம் அடங்கிய பிறகும் கேட்பவர் மனம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு சுரம் தள்ளி அடுத்த கீழ்ச்சுரம் வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். தம்புரா எப்போதும் பின்னால் ஒலித்துக்கொண்டிருப்பதற்குப் பழகிய நமக்கு இது புதிது: இங்கே ஆதாரத்தைக் கேட்பவரே மனதில் மீட்டிக்கொள்ள வேண்டும். எந்தக் கலைஞர் அதற்கு இடம் விடுகிறார் என்பது என் முதல் அளவுகோல். இரண்டாவது, நடனம். ஒவ்வொரு சூட்டிலும் தொடக்கமான பிரெலூட் முடிந்ததும் வருபவை எல்லாம் ஆல்மாண்ட், கூராண்ட், சாராபாண்ட், மினுவெட் அல்லது பூரே போன்ற ஒன்று, ஜீக் என்று நடன வடிவங்கள். யாரும் எழுந்து ஆடப் போவதில்லை. ஆனால் கால் எங்கே ஊன்றும், எங்கே எழும் என்று தெரிய வேண்டும்.

‘பாக் எழுதியபடியே வாசித்தது’ என்ற விளம்பரத்தை அளவுகோலாகக் கொள்ள முடியாது. பாக்கின் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. நமக்கு முதன்மையாகக் கிடைப்பது மனைவி அன்னா மக்டலேனா எடுத்த நகல். எந்தெந்தச் சுரங்களை ஒரே வில்லிழுப்பில் சேர்ப்பது என்று காட்டும் வளைகோடுகள் அதில் அங்கும் இங்குமாக நழுவிக் கிடக்கின்றன. வில்லிழுப்பு பெரும்பாலும் வாசிப்பவரின் தீர்ப்புதான்.

பாப்லோ கசால்ஸிலிருந்து தொடங்காமல் முடியாது. பதின்மூன்று வயதில் பார்சிலோனாவின் ஒரு கடையில் இந்தச் சூட்டுகளின் இசைநூல் அவர் கையில் கிடைத்ததும், பல ஆண்டு பயிற்சிக்குப் பிறகே மேடையில் வாசித்ததும் ஊரறிந்த கதை. அறுபதை நெருங்கும் வயதில்தான் முழுப் பதிவுக்கு இசைந்தார்: இரண்டாவதும் மூன்றாவதும் 1936 நவம்பரில் லண்டனில்; மற்ற நான்கும் 1938, 1939 ஆண்டுகளில் பாரிஸில். அதே காலத்தில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்து, அவர் சார்ந்திருந்த குடியரசு வீழ்ந்தது. இந்தப் பதிவைப் பற்றி எழுதுபவர்கள் போரின் துயரத்தை ஒவ்வொரு சுரத்திலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தேதி தெரியாமல் கேட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம். நான் கேட்பது வேறு: பயிற்சிப் பாடம்போலக் கிடந்த ஒன்றைப் பேச்சாக மாற்றும் ஒருவர். இரண்டாம் சூட்டின் பிரெலூட்டில் ஒரு சொற்றொடரை உந்தித் தள்ளி, அடுத்ததை இழுத்து நிறுத்துகிறாரே, அந்தத் துணிச்சலை இன்றும் யாரும் முழுதாகத் தாண்டவில்லை. குறையும் அங்கேயே இருக்கிறது. எல்லா வாக்கியமும் சமமாக முக்கியம் என்பதுபோல அவர் அழுத்துகிறார்; கீழ்ச்சுரம் மனதில் தங்க நேரம் கிடைப்பதில்லை. ஐந்து தந்தி வாத்தியத்துக்காக எழுதப்பட்ட ஆறாவதை நான்கு தந்தியில் ஏறி வாசிக்கும்போது உழைப்பு வெளியே தெரிகிறது. ஒரு சூட் கேட்டதும் எழுந்துவிடத் தோன்றும். வாங்குவதானால் நாக்சோஸ் நிறுவனத்துக்காக வார்டு மார்ஸ்டன் செய்த மறுபதிப்பு. இரைச்சலைத் துடைக்கப் போய் வில்லின் உராய்வையும் துடைத்துவிட்ட பதிப்புகள் வேண்டாம்.

ரஸ்த்ரோபோவிச் 1991இல் பிரான்ஸின் வெஸ்லே பேராலயத்தில் பதிந்தார். ஒவ்வொரு சூட்டுக்கும் ஓர் உணர்ச்சியை ஒதுக்கி, அதை விளக்கிப் படமும் எடுத்தார். இரண்டாவது துயரம், ஐந்தாவது இருள், ஆறாவது சூரிய ஒளி என்று. பெர்லின் சுவர் திறந்ததும் ஓடிப்போய் அதன் அருகில் அமர்ந்து பாக்கை வாசித்த மனிதர் அவர். பெரிய கணங்களுக்கான கலைஞர். ஆனால் கற்கூரையின் எதிரொலியில் சுரம் சுரத்தோடு கலந்துவிடுகிறது. கேட்பவர் மனதில் பிடிக்க வேண்டியதைக் கட்டடமே பிடித்துக்கொள்கிறது. ஜீக்குகள் தரையை விட்டு எழவில்லை. வரவேற்பறையில் ஒலிக்கும்போது யாரோ பிரசங்கம் செய்வதுபோல இருக்கிறது. இந்தப் பதிவை நான் நிராகரிக்கிறேன், கொஞ்சமும் தயங்காமல்.

பியர் ஃபூர்னியே 1960இல் ஆர்க்கிவ் நிறுவனத்துக்குப் பதிந்ததை அப்படி ஒதுக்க முடியவில்லை. கனிந்த நாதம், கூச்சல் இல்லாத கம்பீரம், எங்கும் பிசிறில்லை. புதிதாக வருபவர்களுக்குப் பலரும் இதையே பரிந்துரைப்பதில் வியப்பில்லை. என் மனத்தாங்கல் ஒன்றே: நீண்ட வில்லிழுப்பில் எல்லாம் ஒரே அழகாகிவிடுகிறது. மினுவெட்டும் சாராபாண்டும் ஒரே உடை அணிந்து வருகின்றன. யானோஸ் ஸ்டார்கர் மெர்குரி நிறுவனத்துக்குச் செய்த பதிவோ நேர் எதிர்; கூர்மை வியக்க வைக்கும், சிரிப்பு மட்டும் வராது.

ஆனர் பில்ஸ்மாவின் 1979 பதிவுக்கு வருவோம். அவருடைய வாத்தியம் வெனிஸின் கொஃப்ரில்லர் செய்தது. கசால்ஸ் வாசித்ததும் கொஃப்ரில்லர்தான். ஆனால் பில்ஸ்மாவினுடையது பழைய முறைப்படி அமைக்கப்பட்டு, குடல் தந்தி கட்டியது. நாதம் மெலிந்து, சற்றே கரகரப்பாக வரும். முதல் முறை கேட்பவர்கள் முகம் சுளிக்கலாம். பில்ஸ்மா பலவீனமான சுரங்களை விழுங்கிவிடுகிறார். பேச்சில் நாம் எல்லா அசைக்கும் அழுத்தம் கொடுப்பதில்லையே, அந்த மாதிரி. விளைவு? அவர் ஊன்றும் கீழ்ச்சுரம் அடுத்தது வரும்வரை மனதில் நிற்கிறது. முதல் சூட்டின் பிரெலூட்டில் எத்தனை குரல்கள் என்று எண்ண முடிகிறது. கூராண்டுகள் ஓடுகின்றன, பூரேக்கள் குதிக்கின்றன. ஆறாவதை ஐந்து தந்திச் சிறு செல்லோவிலேயே வாசிப்பதால் கசால்ஸின் மூச்சிரைப்பு இங்கே இல்லை. மலையேற்றம் என்று நினைத்திருந்தது விளையாட்டாகிவிடுகிறது. வளைகோடுகளை வைத்துப் பின்னாளில் ஒரு புத்தகமே எழுதியவர். அந்தப் படிப்பு இசையில் பாரமாக ஏறவில்லை.

ஓரிடத்தில் மட்டும் அவர் தோற்கிறார். ஐந்தாம் சூட்டின் சாராபாண்டில் ஒரு கூட்டுச்சுரம்கூடக் கிடையாது. தனித்தனிச் சுரங்கள் மட்டுமே வெறுமையில் நடக்கின்றன. அங்கே பில்ஸ்மாவின் பேச்சுநடை போதவில்லை. கசால்ஸின் பிடிவாதமான அழுத்தத்துக்கு அந்த வெறுமை இடம் கொடுக்கிறது. மற்ற இடங்களில் குறையாகத் தெரிந்தது இங்கே பொருந்துகிறது. 1992இல் பில்ஸ்மாவே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ஸ்ட்ராடிவாரி செல்லோவை இரவல் வாங்கி மறுபடி பதிந்தார். நாதம் செழித்தது, சுதந்திரமும் கூடியது, ஆனால் சில திருப்பங்களில் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே ரசிப்பதுபோல இருக்கிறது.

ஆகவே ஒன்றே ஒன்று என்றால் 1979இன் பில்ஸ்மா. இரண்டு வாங்க முடிந்தால் கூடவே கசால்ஸ், இரண்டாவதுக்கும் ஐந்தாவதுக்கும் மட்டும். ஃபூர்னியே, குடல் தந்தியின் கரகரப்பைக் கடைசிவரை பொறுக்க முடியாதவர்களுக்கு.