இரண்டு ஓட்டைகள்

சுவரில் ஒரு நீல ஓட்டை, தரையில் ஒரு ஆரஞ்சு ஓட்டை. ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘போர்ட்டல்’ விளையாட்டில் நம் கையில் இருக்கும் துப்பாக்கி செய்வது இவ்வளவுதான்.

ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும்; எம்பிக் குதித்தாலும் எட்டாது. கீழே தரையில் ஓர் ஓட்டை, உயரே சுவரில் இன்னொன்று போட்டுவிட்டு, மேலிருந்து குதிக்கிறோம். விழுந்த வேகம் குறைவதில்லை, திசைதான் மாறுகிறது. சுவரிலிருந்து பீரங்கிக் குண்டு மாதிரி பாய்ந்து அக்கரையில் விழும்போது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இயற்பியல் முதல்முறையாக வயிற்றைக் கலக்கும்.

‘தி ஆரஞ்சு பாக்ஸ்’ தொகுப்பில் பெரிய விளையாட்டுகளுக்கு நடுவே கொசுறு போல வந்தது இது. விமர்சகர்கள் கொசுறைத்தான் கொண்டாடினார்கள். 2008 கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதும் இதற்கே. நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறதே என்பதுதான் பலரும் சொன்ன குறை. எனக்கு அது குறையாகவே படவில்லை. வளவளவென்று இழுக்காத விளையாட்டு எத்தனை இருக்கிறது?

விளையாட்டு நடக்கும் ஆய்வுக்கூடத்தை ஆளும் கணினி கிளாடோஸ். எலன் மெக்லைனின் குரலில், கேக் தருவதாக ஆசை காட்டிக்கொண்டே ஆளைக் கொல்லப் பார்க்கும். 17ஆவது சோதனை அறையில் இதயம் வரைந்த பெட்டி ஒன்றைத் தந்து, துணைக்கு வைத்துக்கொள் என்கிறது. அறையின் கடைசியில் அதை நெருப்பில் போடச் சொல்கிறது. வெறும் பெட்டிதான். நான் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.