லவீனியா ரிக்மன் மீது விழுந்த பழி

டக்ளஸ் பிரஸ்டனும் லிங்கன் சைல்டும் சேர்ந்து எழுதி 1995இல் வெளிவந்த அறிவியல் திகில் நாவல் ‘ரெலிக்’. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இரண்டு சிறுவர்கள் கொடூரமாகக் கொல்லப்படுகிறார்கள். அதே கட்டடத்தில் மூடநம்பிக்கைகள் பற்றிய பெரிய கண்காட்சி ஒன்று திறப்பு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. விழாவுக்கு எந்தக் கெட்ட பெயரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர் மக்கள் தொடர்புத் துறைத் தலைவர் லவீனியா ரிக்மன்.

நாவலில் அவருக்குக் கிடைத்த இடம் சிறியது. ஆனால் அவரும் ஸ்மித்பேக்கும் மோதும் காட்சிகள் எனக்குக் கொலைகளைச் செய்யும் மிருகத்தைவிட அதிக அச்சம் தந்தன. ஸ்மித்பேக், கண்காட்சியைப் பற்றி நூல் எழுத அமர்த்தப்பட்ட பத்திரிகையாளர். அவர் எழுதியதை ரிக்மன் வாங்கிப் படிக்கிறார்; நிறுவனத்துக்கு உவக்காத பகுதிகளை நீக்கச் சொல்கிறார். அறிவைத் திரட்டுவதற்கென்றே எழுந்த ஓர் இடத்தில், எது வெளியே தெரியலாம் என்பதை விளம்பரத் துறை முடிவு செய்கிறது. பிரஸ்டன் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1978 முதல் 1985 வரை எழுத்தாளராகவும் பதிப்புப் பணியிலும் இருந்தவர். இந்தக் காட்சிகளின் நம்பகத்தன்மை அந்த அனுபவத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. எழுதுகிறவன் படும் பாட்டை அறிந்த ஆசிரியர்கள், தணிக்கை செய்பவள் எதற்கு அஞ்சுகிறாள் என்று கேட்கவேயில்லை. மேலே இயக்குநர் ரைட் இருக்கிறார், துணை இயக்குநர் கத்பர்ட் இருக்கிறார். அவர்கள் விருப்பத்தை நிறைவேற்றும் ரிக்மன் மீதே வாசகரின் வெறுப்பு முழுவதும் திரும்புகிறது. ஆராய்ச்சி தூய்மையானது, விளம்பரம் கறைபட்டது என்ற எளிய கோடு ஒன்று விழுந்துவிடுகிறது.

வரலாறு அந்தக் கோட்டை ஏற்பதில்லை. 1897இல் துருவப் பயணி ராபர்ட் பியரி கிரீன்லாந்திலிருந்து ஆறு இனுயிட் மக்களை அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். அவர்களில் கிசுக் மறு ஆண்டே நோயில் இறந்தார். அவருடைய சின்னஞ்சிறு மகன் மினிக்கை நம்பவைக்க, மரக்கட்டையைப் பிணம்போல் சுற்றிப் புதைத்து அடக்கச் சடங்கு நடத்தினார்கள். எலும்புகள் சேகரிப்பில் சேர்ந்தன. இதைச் செய்ய விளம்பர அதிகாரி எவரும் தேவைப்படவில்லை. அறிஞர்களே போதுமானவர்களாக இருந்தார்கள். கிசுக்கும் உடன் இறந்த மூவரும் சொந்த மண்ணில் அடக்கமானது 1993இல்தான்.

அறிஞர்களும் மறைப்பார்கள் என்பது நாவலாசிரியர்களுக்கும் தெரியாமல் இல்லை. கதை முடிந்த பின் வரும் பகுதியில், ஆபத்தான ஒரு தாவரத்தை இரகசியமாக வளர்ப்பவர் கவாகிட்டா என்ற அறிவியலாளர். அவர் ஏன் மறைக்கிறார் என்பதை அவருடைய மனத்துக்குள் புகுந்தே சொல்கிறார்கள். அதில் பாதிப் பக்கத்தையாவது ரிக்மனுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.